லூக்காவைச் சுமந்து வந்த வாசகநூல்

தமிழ்நாட்டில் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போய்ப் பழகியவர்களின் காதில் ஒரு சொல் தங்கியிருக்கும். நற்செய்தி வாசகத்தைத் தொடங்கும்போது குருவானவர் 'அக்காலத்தில்' என்பார். அக்காலத்தில் இயேசு கடலோரமாய்ப் போனார், அக்காலத்தில் பரிசேயர் அவரிடம் வந்தனர், இப்படி. சின்ன வயதில் அது பைபிளிலேயே இருக்கும் சொல் என்று நினைத்திருந்தேன். பிறகு வீட்டிலிருந்த விவிலியத்தைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் அந்தச் சொல்லைக் காணோம். கோவிலில் கேட்டது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று. ஏன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

காரணம் எளிமையானதுதான். அது வாசகநூலின் சொல். நீண்ட நூலொன்றின் நடுவிலிருந்து பத்துப் பதினைந்து வரிகளை வெட்டியெடுத்துச் சபையின் முன் வாசிக்கிறோம். 'அவர் அங்கிருந்து புறப்பட்டு' என்று திடுதிப்பென்று தொடங்கினால், யார் புறப்பட்டார், எங்கிருந்து புறப்பட்டார் என்று கேட்பவருக்கு விளங்காது. அதனால் வெட்டிய இடத்தில் ஒரு தொடக்கத்தை ஒட்டவைத்தார்கள். லத்தீனில் அது 'இன் இல்லோ தெம்போரே'. கிரேக்கத்தில் 'தோ கெரோ எகீனோ'. இரண்டுக்கும் பொருள் 'அக்காலத்தில்'தான். இடைக்காலத்துக் கிரேக்க நற்செய்தி வாசகநூல் எதைத் திறந்தாலும் இந்தச் சொற்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

அப்படிப்பட்ட வாசகநூல் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இப்போது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 176 தோல் ஏடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் உயரம், 18 சென்டிமீட்டர் அகலம். எழுதப்பட்டது 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். எழுதியவர் பெயர் நீலோஸ், ரோட்ஸ் தீவில் பணிபுரிந்தவர். கிரேக்க வாசகநூல்களின் சர்வதேசப் பட்டியலில் இதன் எண் 299.

ஆனால் அறிஞர்கள் யாரும் இதை 'வாசகநூல் 299' என்று தேடி வருவதில்லை. 'கோடெக்ஸ் சாக்கிந்தியுஸ்' என்ற பெயரில் தேடி வருகிறார்கள். அந்தப் பெயர் சேர்ந்தது மேலே இருக்கும் எழுத்துக்கு இல்லை, அடியில் அழிபட்டுக் கிடக்கும் வேறொரு புத்தகத்துக்கு. இருநூறு ஆண்டுகளாக இந்த ஏடுகளைக் கையில் எடுத்தவர்கள் எல்லோரும் மேலெழுத்தைத் தாண்டி அடியெழுத்தைப் பார்க்கத்தான் பாடுபட்டார்கள். மேலே இருப்பதற்கும் உரிய கவனம் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், வாசகநூல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கான்ஸ்டாண்டிநோப்பிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியப் பேரரசில் முழு பைபிளையும் ஒரே கட்டாக வைத்திருப்பது அபூர்வம். பெரும்பாலான ஊர்க் கோவில்களுக்கு அதற்கு வசதியும் கிடையாது, தேவையும் கிடையாது. வழிபாட்டுக்கு வேண்டியது இன்றைக்கு எதை வாசிக்க வேண்டும் என்பது. ஆகவே மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நூல் வரிசையை விட்டுவிட்டு, நாள் வரிசையில் நற்செய்தியை அடுக்கினார்கள்.

அந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று தொடங்குகிறது. முதல் பக்கத்தில் யோவானின் முதல் வரி: தொடக்கத்தில் வாக்கு இருந்தது. உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவி இறங்கிய திருநாள் வரை பெரும்பாலும் யோவான். அதன் பிறகு மத்தேயு. செப்டம்பர் 14ஆம் தேதி திருச்சிலுவை விழாவை ஒட்டி லூக்கா தொடங்குவார். மாற்குவுக்குத்தான் பாவம், தனிப் பருவம் இல்லை. மத்தேயு, லூக்கா பருவங்களின் பின்பகுதியில் கிழமை நாள்களிலும், தவக்காலத்துச் சனி ஞாயிறுகளிலும் அவருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். புனித வாரம் வந்ததும் நால்வரும் கலந்து வருவார்கள். பெரிய வியாழன் இரவில் பாடுகளின் வரலாற்றை மட்டும் 12 வாசகங்களாகப் பிரித்து வாசிப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறு ஆண்டுக்கு ஆண்டு நகரும். முன்னே பின்னே ஐந்து வார வித்தியாசம் வரும். கிறிஸ்து பிறப்பு, மாதாவின் பிறப்பு போன்றவையோ தேதி மாறாதவை. இரண்டையும் ஒரே வரிசையில் கோக்க முடியாது. அதனால் வாசகநூலை இரண்டு பாகமாக்கினார்கள். நகரும் நாள்களுக்கு ஒன்று, நிலையான தேதிகளுக்கு ஒன்று. இரண்டாம் பாகம் பைசாந்தியப் புத்தாண்டான செப்டம்பர் 1-ல் தொடங்கி ஆகஸ்ட் 31-ல் முடியும். ஒரு புனிதரின் நாளுக்குரிய வாசகம் முதல் பாகத்தில் ஏற்கெனவே வந்திருந்தால் மறுபடியும் எழுதமாட்டார்கள். இன்ன வாரத்து இன்ன நாளில் தேடு என்று ஒரு வரிக் குறிப்பு. தோல் விலை அப்படி.

வாசகர் எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கும் குறிகள் உண்டு. பல வாசகநூல்களில் வரிகளுக்கு மேலும் கீழும் சிவப்பு மையில் சிறு கொக்கிகளும் கோடுகளும் இருக்கும். நற்செய்தியைச் சும்மா படிக்க மாட்டார்கள், இராகமிட்டு ஓதுவார்கள். வழிபாட்டின் நடுவே தியாக்கோன், அதாவது குருவுக்கு உதவும் திருத்தொண்டர், இந்தப் புத்தகத்தைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பவனியாக வருவார். 'சோஃபியா, ஓர்த்தி' என்று குரல் கொடுப்பார். ஞானம் இதோ, எழுந்து நில்லுங்கள் என்று பொருள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மீனவருக்கும், நெசவாளிக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் நற்செய்தி என்பது அவர் காதில் விழுந்த இந்தப் புத்தகம்தான். இன்றைக்குப் பட்டியலிடப்பட்டுள்ள கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் படிகளில் 2,400-க்கும் மேற்பட்டவை வாசகநூல்கள். அதிகம் எழுதப்பட்டதற்குக் காரணம், அதிகம் தேவைப்பட்டது. தேய்ந்து போகப் போகப் புதிது எழுத வேண்டியிருந்தது.

சரி, புதிது எழுத வேண்டும் என்றால் தோலுக்கு எங்கே போவது? பதப்படுத்திய ஆட்டுத் தோலிலோ கன்றுத் தோலிலோதான் எழுத வேண்டும். ஒரு பெரிய புத்தகத்துக்கு ஒரு மந்தையே வேண்டியிருக்கும். தீவில் இருக்கும் ஒரு மடத்துக்கு இது லேசான செலவில்லை. ஆனால் மடத்தின் அலமாரியில் யாரும் தொடாத பழைய புத்தகங்கள் இருக்கும். அவற்றைப் பிரித்து, ஏடுகளை நனைத்து, பழைய மையைத் துடைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி எழுதலாம். பனையோலையில் எழுத்தாணி கீறிய எழுத்தை இப்படி எடுக்க முடியாது, கீறல் கீறல்தான். தோலில் மை பெரும்பாலும் மேலாக உட்கார்ந்திருக்கும், அதனால் முடிந்தது. இப்படி இரண்டு முறை எழுதப்பட்ட ஏட்டுக்குப் பாலிம்செஸ்ட் என்று பெயர். கிரேக்கத்தில் 'மறுபடி சுரண்டியது' என்று அர்த்தம்.

முழுக்க அழிந்துவிடுமா என்றால், இல்லை. அந்தக் காலத்து மையில் பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் பிசினும் சேர்ந்திருக்கும். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் சரக்குகள்தான். குழந்தைகளுக்கு உரைமருந்தாக உரைத்துக் கொடுக்கும் அதே மாசிக்காயில் இருக்கும் துவர்ப்பும், அன்னபேதியில் இருக்கும் இரும்பும் சேர்ந்து கருத்துத் தோலுக்குள் இறங்கிவிடும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே ஒரு சாயல் மிச்சமிருக்கும்.

நீலோஸ் கைக்கு வந்தது அப்படி ஒரு பழைய புத்தகம். அவர் காலத்துக்கே அது ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பழசு, கி.பி. 700ஐ ஒட்டி எழுதப்பட்டது. ஏடுகள் 36 சென்டிமீட்டருக்கு 29 சென்டிமீட்டர், மேசையில் விரித்து வைத்துப் படிக்க வேண்டிய அளவு. அழித்த ஏட்டைப் பக்கவாட்டில் திருப்பி, நடுவில் மடித்தார்கள். 36 பாதியாகி 18 ஆனது. பழைய ஒரு ஏடு புதிய இரண்டு ஏடாயிற்று. இதனால் புதிய எழுத்து இடமிருந்து வலமாக ஓடும்போது, அடியிலிருக்கும் பழைய எழுத்து மேலிருந்து கீழாக ஓடுகிறது. பழைய பக்கத்தின் நடுவரிகள் புதிய புத்தகத்தின் தையல் மடிப்புக்குள் போய்ச் செருகிக்கொண்டன. ஏடுகளின் வரிசையும் கலைந்துபோனது. பழையதில் நமக்கு மிஞ்சியவை, முழுதும் துண்டுமாக 89 ஏடுகள். லூக்கா முதல் அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்து 11ஆம் அதிகாரம் 33ஆம் வசனம் வரை, இடையிடையே விடுபட்டு.

அந்தப் பழைய புத்தகம் அறிஞர்களை இழுப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. அது வெறும் லூக்கா இல்லை. பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில் நற்செய்தி, அதைச் சுற்றி மூன்று பக்கமும் பொடி எழுத்தில் உரை. அந்த உரை ஒரே ஆசிரியர் எழுதியதில்லை. ஒரிகன், அலெக்சாந்திரியாவின் சிரில், யோவான் கிறிசோஸ்தோம், அந்தியோக்கியாவின் செவேருஸ் என்று பழைய திருச்சபை ஆசிரியர்கள் பலரிடமிருந்து எடுத்த மேற்கோள்களை ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். இந்த வகைக்குக் கட்டீனா என்று பெயர், லத்தீனில் சங்கிலி. புதிய ஏற்பாட்டுக்கு எழுந்த சங்கிலி உரைகளின் கையெழுத்துப் படிகளில் நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது இது. மூலமும் உரையும் இரண்டுமே பழைய பெரிய எழுத்து வடிவத்தில் இருப்பதும் இது ஒன்றுதான்.

செவேருஸ் பெயர் இதில் வருவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் அந்தியோக்கியாவின் முதுபெரும் ஆயராக இருந்து பதவி நீக்கப்பட்டவர். கொள்கைப் பிணக்கில் அவருடைய நூல்களைக் கொளுத்தும்படி பேரரசர் ஜஸ்டினியன் 536-ல் ஆணையிட்டார். அதனால் அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி சிரியாக் என்ற அரமேய வகை மொழியின் மொழிபெயர்ப்பில்தான் மிஞ்சியது. கிரேக்கத்தில் அவர் எழுதிய சொற்களே வேண்டுமென்றால் இப்படிப்பட்ட சங்கிலி உரைகளில்தான் துழாவ வேண்டும். சிரில் லூக்காவைப் பற்றி ஆற்றிய மறையுரைகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அப்புறம், நடுவிலிருக்கும் லூக்காவின் வாசகம் மிகப் பழைய கிரேக்க பைபிள் படிகளில் ஒன்றான, புகழ்பெற்ற வத்திக்கான் படிக்கு நெருக்கமானது. அந்தப் படியில் உள்ள அரிதான பத்தி எண் முறையும் இதில் இருக்கிறது. இவ்வளவும் ஒரு புத்தகத்தில்.

இந்த ஏடுகள் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த வழியில் நமக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். 1801 மார்ச் 31 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கி, ஊமைத்துரையின் ஆட்களிடம் அடிவாங்கிப் பின்வாங்கியது கும்பெனிப் படை. அதற்குத் தலைமை தாங்கியவர் மேஜர் காலின் மெக்காலே. திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் கும்பெனியின் ரெசிடெண்டாக, அதாவது அரசவைப் பிரதிநிதியாக, இருந்தவரும் அவரே. 1808 டிசம்பரில் வேலுத்தம்பி தளவாயின் ஆட்கள் கொச்சியில் அவர் மாளிகையைச் சூழ்ந்தபோது மயிரிழையில் தப்பினார். இந்தியாவின் கல்வி முறையைப் பேசும்போதெல்லாம் அடிபடும் அந்த மெக்காலேவுக்கு இவர் பெரியப்பா முறை.

பாளையக்காரர் வரலாறு படித்தவர்களுக்கு இவர் எதிர்ப்பக்கத்து ஆள், சந்தேகமே வேண்டாம். ஆனால் பழைய எழுத்துகள் மீது அவருக்கு உண்மையான ஈடுபாடு இருந்திருக்கிறது. கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோவிலுக்கு 849-ல் கொடுக்கப்பட்ட செப்பேடுகள் உண்டல்லவா? வட்டெழுத்தில் எழுதி, சாட்சிக் கையொப்பங்கள் அரபியிலும் பழைய பாரசீகமான பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கும் அந்த ஏடுகள், காணாமல் போனதாகக் கருதப்பட்டவை. கொச்சியில் கிடந்த அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தது இந்த மெக்காலேதான், 1806 வாக்கில்.

1810-ல் இந்தியாவை விட்டுப் போனார். 1820-ல் கிரேக்கத்தின் மேற்கே சாக்கிந்தோஸ் தீவில் இருக்கிறார். அப்போது அந்தத் தீவுகள் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தன. அந்தோனியோஸ் கொமூட்டோஸ் என்ற தீவுப் பிரபு, ஏழு தீவுகளின் குடியரசுக்குத் தலைவராக இருந்தவர், இந்த வாசகநூலை மரியாதையின் நினைவாக அவருக்குக் கொடுத்தார். மறு ஆண்டு மெக்காலே அதை லண்டனிலிருந்த பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் பைபிள் சொசைட்டிக்கு அன்பளிப்பாக அளித்தார். தீவின் பெயரே புத்தகத்தின் பெயராயிற்று.

அடுத்த நாற்பது ஆண்டு அது பெரிய சலனமில்லாமல் அங்கே கிடந்தது. 1858-ல் ஜெர்மன் அறிஞர் பவுல் டி லகார்ட் சொல்லித்தான் சாமுவேல் ட்ரெகெல்லஸ் இதைப் பற்றி அறிந்தார். ட்ரெகெல்லஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய வடிவத்தை மீட்டெடுப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர். அவருக்கு விளக்கு வெளிச்சமோ கேமராவோ உதவவில்லை. பகல் வெளிச்சத்தையும் தன் கண்களையும் நம்பி, புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி, நீலோஸின் கருத்த வரிகளுக்கு இடையே மங்கித் தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். 1861-ல் பதிப்பு வந்தது. அலெக்சாந்திரியப் படி என்ற இன்னொரு பழைய பைபிள் படியை அச்சிடுவதற்கென்று முன்பு வார்த்த பழைய வடிவ அச்செழுத்துகளைக் கொண்டே அதை அச்சிட்டார்கள். ஆனால் அதில் இருந்தது லூக்காவின் வாசகம் மட்டும். சுற்றியிருந்த பொடி எழுத்து உரையை அவர் பதிப்பிக்கவில்லை. வாசகநூலைப் பதிப்பிக்கும் கேள்வியே எழவில்லை.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் உரைப் பகுதியைப் படிக்க ஒரு முயற்சி நடந்தது, 1959-ல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. 1980களில் புத்தகம் கேம்பிரிட்ஜுக்குப் பாதுகாப்புக்காகப் போனது. 2014-ல் பைபிள் சொசைட்டி அதை விற்க முடிவு செய்தது. பல்கலைக்கழக நூலகம் மக்களிடமும் அறக்கட்டளைகளிடமும் பணம் திரட்டி 11 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஏலத்துக்குப் போய் யாரோ ஒருவரின் பெட்டகத்துக்குள் அடைபடாமல் பொது நூலகத்துக்கு வந்தது பெரிய நிம்மதி.

பிறகு 2018-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஹியூ ஹாட்டன், டேவிட் பார்க்கர் இருவரும் முன்னின்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பல நிற ஒளிகளில் தனித்தனியே படமெடுத்தார்கள். புற ஊதாவில் தொடங்கி, கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் வழியாக, அகச்சிவப்பு வரை. புற ஊதா ஒளி பட்டால் தோல் மெல்ல ஒளிரும், மை இறங்கிய இடம் ஒளிராது. அழிந்துவிட்டது என்று நினைத்த எழுத்து கறுப்பு நிழலாக எழுந்து நிற்கும். பழைய மையும் புதிய மையும் ஒவ்வொரு நிறத்துக்கும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அந்த வேறுபாட்டைக் கணினியில் கணக்கிட்டு, மேலெழுத்தை மங்கவைத்து அடியெழுத்தைத் துலக்க முடிகிறது. ட்ரெகெல்லஸ் படிக்காமல் விட்ட பொடி எழுத்து உரை முழுவதும் இப்படித்தான் வெளியே வந்தது. 2020-ல் பதிப்பும் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளியாயின.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அவர்கள் மேலெழுத்தையும் விடவில்லை. வாசகநூல் முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படியெடுத்தார்கள். எழுதியவரையும் அடையாளம் கண்டார்கள். இருநூறு ஆண்டுகள் மறைப்பாகவே பார்க்கப்பட்ட எழுத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் கிடைத்தார், அவருக்குப் பெயர் இருக்கிறது, நீலோஸ்.

வாசகநூல்களை ஆய்வாளர்கள் நெடுங்காலம் பின்வரிசையில் வைத்ததற்கும் காரணம் இருந்தது. இவற்றின் வாசகம் பெரும்பாலும் பைசாந்தியத்தில் பரவலாக வழங்கிய வடிவம். மூல ஆசிரியர் எழுதிய முதல் சொல் என்ன என்று தேடுகிறவருக்கு, எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும் 2,400 சாட்சிகள் பெரிதாக உதவுவதில்லை. 1930களில் சிகாகோவில் சிலர் வாசகநூல்களை முறையாக ஆராயத் தொடங்கினார்கள். அந்த வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் மூலச் சொல் மட்டுமே கேள்வி இல்லையே. மக்கள் எதைக் கேட்டார்கள், கேட்டது புத்தகத்தை எப்படி மாற்றியது என்பதும் கேள்விதான். இரண்டு இடங்களைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

முதலாவது லூக்கா 7:31. இயேசு, 'இந்தத் தலைமுறையினரை யாருக்கு ஒப்பிடுவேன்' என்று கேட்கும் இடம். முந்தைய வசனங்களில் கதை சொல்பவர் குறுக்கிட்டு, பரிசேயர் திருமுழுக்குப் பெற மறுத்ததைச் சொல்கிறார். உடனே 31-ல் மறுபடி இயேசுவின் பேச்சு. பழைய படிகளில் இடையே எந்த அறிவிப்பும் இல்லை. வாசிக்கிறவருக்குத் தெரியும், கேட்கிறவருக்குத் தெரியாது. கிரேக்க வாசகநூல்களில் 'அக்காலத்தில்' போலவே இன்னொரு வழக்கமான தொடக்கம் உண்டு, 'ஆண்டவர் சொன்னார்' என்பது. அந்தத் தொடக்கம் இந்த இடத்தில் வந்து, வாசகநூலிலிருந்து நகர்ந்து, சில நற்செய்திப் படிகளுக்குள்ளேயே புகுந்துவிட்டது. அந்தப் படிகளைக் கொண்டு 16ஆம் நூற்றாண்டில் அச்சான கிரேக்கப் பதிப்புகளில் ஏறியது. அங்கிருந்து கிங் ஜேம்ஸ் ஆங்கிலத்துக்கு. அங்கே முடியவில்லை. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் தலைமுறைகளாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பை எடுத்து லூக்கா 7:31ஐப் பாருங்கள். 'பின்னும் கர்த்தர் சொன்னது' என்று தொடங்கும். கான்ஸ்டாண்டிநோப்பிளைப் போன்ற ஏதோ ஒரு நகரத்துக் கோவிலில் வாசகர் ஒருவர் சபைக்குப் புரிய வேண்டும் என்று சேர்த்துச் சொன்ன சொற்கள், இன்று திருநெல்வேலியில் ஒரு வீட்டில் மாலை ஜெபத்தில் வேதவசனமாக வாசிக்கப்படுகின்றன. இதை முதன்முதலில் சரிபார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

இரண்டாவது, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை. 'உங்களில் பாவமில்லாதவர் முதலில் கல் எறியட்டும்' என்ற சொல்லை அறியாதவர் குறைவு. யோவான் 7:53 முதல் 8:11 வரை. இது மிகப் பழைய படிகளில் இல்லை என்பது தெரிந்த செய்தி. கிரேக்க வாசகநூல் இதில் என்ன சொல்கிறது? தூய ஆவி இறங்கிய திருநாளுக்குரிய வாசகம் யோவான் 7:37-ல் தொடங்கி 52 வரை போகிறது. அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி 8:12-க்கு வந்து முடிகிறது. நடுவில் அந்தப் பெண் இல்லை. வாசகத்தை முதன்முதல் வகுத்தவர்கள் கையிலிருந்த யோவானில் அந்தக் கதை இல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது பெருவிழா நாளுக்கு அது பொருந்தாது என்று விட்டிருக்கலாம். ஆனால் அவள் முழுக்கக் காணாமலும் போகவில்லை. வாசகநூலின் இரண்டாம் பாகத்தில் அக்டோபர் 8-க்குப் போனால், புனித பெலாகியாவின் நாள். பழைய வாழ்க்கையை விட்டு மனம் திரும்பிய பெண்ணாக மரபு போற்றும் புனிதை. பல படிகளில் அவர் நாளுக்கு உரிய வாசகம், யோவான் 8:3 முதல் 11 வரை. ஞாயிற்றுக்கிழமைச் சபையில் இடம் கிடைக்காத கதைக்கு, அக்டோபரில் ஒரு கிழமை நாளில் இடம் கொடுத்திருக்கிறார்கள். எந்த வசனம் எந்த நாளுக்கு என்ற இந்த ஒதுக்கீட்டில் ஒரு சமூகம் தன் நூலை எப்படிப் புரிந்துகொண்டது என்பது தெரிகிறது. நூல் வரிசையில் எழுதிய நற்செய்திப் படியில் இது தெரியாது.

அடியெழுத்து பிழைத்ததற்கும் இந்த வாசகநூல்தான் காரணம். கி.பி. 700ஐ ஒட்டி எழுதப்பட்ட பெரிய எழுத்துப் புத்தகங்களில் எத்தனை இன்று இருக்கின்றன? 9ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் வேகமாக எழுதக்கூடிய சிற்றெழுத்துக்கு மாறினார்கள். பழைய எழுத்தைப் படிப்பது போகப் போகக் கடினமாயிற்று. புதிய எழுத்தில் படியெடுத்ததும் பழைய புத்தகத்தை வைத்திருக்கத் தேவையில்லை என்று ஆனது. தனியே கிடந்தவை ஈரத்திலும் நெருப்பிலும் கொள்ளையிலும் போயின. பசை பூசி வேறு புத்தகங்களின் அட்டைக்குள் ஒட்டப்பட்டவையும் உண்டு. இந்த 89 ஏடுகள் மட்டும் வழிபாட்டுக்கு வேண்டப்படும் புத்தகமாக மாறியதால், பத்திரமாக வைக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் கைமாறின. நீலோஸ் தேய்த்து அழித்தது உண்மை. அவர் அந்தத் தோலை எடுத்திராவிட்டால் செவேருஸும் சிரிலும் அந்தத் தோலோடு போயிருப்பார்கள் என்பதும் அதே அளவு நடந்திருக்கக்கூடியது.

கேம்பிரிட்ஜ் மின்னூலகத்தில் இதன் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் சாதாரண ஒளியில் எடுத்த படம் வரும். பழுப்பேறிய தோல், சின்னச் சின்ன வளைந்த எழுத்துகளில் நீலோஸின் வரிகள். அடியில் ஏதோ கறை படிந்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான். அடுத்த படத்துக்குப் போனால் நிறம் மாறுகிறது. நீலோஸின் வரிகள் வெளிறிப் பின்னால் போகின்றன. கறை என்று நினைத்தது எழுத்தாகிறது. தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால், பெரிய பெரிய எழுத்தில் லூக்கா, ஓரத்தில் நெருக்கமாக உரை, பத்திக்கு முன்னால் யார் சொன்னது என்ற பெயர். தலையை நிமிர்த்தினால் மறுபடி வாசகநூல்.